நீ ருசி பார்த்த கரண்டி

கரண்டி திரும்பி வந்திருக்கிறது, தம்பி. உன் மனிசிதான் கொண்டுவந்து தந்தா. போன கிழமை ளுஹர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறக்கப் போகிறேன், உடப்பிலிருந்து பஸ் ஏறி வந்து வாசலில் நிற்கிறா. கையில் பழைய பேப்பரில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொருள். பிரித்தேன். நீளக் காம்பு, காம்பு முழுக்க முறுக்கு, நுனியில் சின்னதாக ஒரு கிண்ணம். பாரில் நாம் குடிவகை கலக்கிய அதே கரண்டி. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். உன் வீட்டு அலுமாரியின் பூச்சி உருண்டை மணம்தான் வந்தது.

"இவர்ர சேட்டுகளுக்குள்ள கிடந்தது நானா. ஹோட்டல் சாமான் போல. இது என்னத்துக்குரிய கரண்டி?" என்று கேட்டா. உன்னைப் போலவே அவவும் என்னை அண்ணன் முறைக்கு நானா என்றுதான் கூப்பிடுவா.

"ஜூஸ் கலக்கிறது தங்கச்சி" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. அன்னாசி ஜூஸ் ஒன்று போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போயிட்டா. நான் பின்னேரம் வரைக்கும் வியாபாரம் செய்தேன். அழுகை வரவில்லை. நீ கண்ணை மூடின நாளிலும் வரவில்லை, உனக்குத் தெரியாது. கல்லை விழுங்கினவன் மாதிரி நின்றேன், இன்னும் அப்படித்தான் நிற்கிறேன்.

நாட்டில் சண்டை முடிந்து, பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று தண்ணீருக்கு மேலே ஓடுகிற வெள்ளைக்காரர் கற்பிட்டிப் பக்கம் வரத் தொடங்கிய காலம் அது. கொழும்பிலிருந்து நம்முடைய முதலாளி மாத்தயா வந்து, கடற்கரைத் தென்னந்தோப்பில் துண்டு நிலம் எடுத்து, 'டிகி பார்' கட்டப்போகிறேன் என்றார். வாழ்நாளில் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை நாம். பசிபிக் கடலில் எங்கேயோ இருக்கிற தீவுகளின் பெயரைச் சொல்லி, அந்தத் தீவுகளைக் கண்ணாலும் காணாத ஆட்கள் நாடு நாடாகக் கட்டி வைத்திருக்கிற குடிக்கடை அது. மாத்தயா போனில் படம் காட்டினார். லண்டனில் ஒரு நிலக்கீழ் அறை. டோக்கியோவில் ஏழாம் மாடி. ஜெர்மனியில் ஒன்று, யன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. எல்லாவற்றிலும் உள்ளே ஓலைக்கூரை, மூங்கில் கதிரை, பல்லைக் காட்டுகிற மரமூஞ்சிகள், மூஞ்சி மாதிரியே செய்த கோப்பைகள், கோப்பைக்கு மேலே கடதாசிக் குடை.

"மாத்தயா, மழை பெஞ்சா கூரை ஒழுகாதா?" என்று ஏணியில் நின்றபடி நீ கேட்டாய். தென்னோலைக் கிடுகு வேய வந்தவன் நீ, அதுதான் உன் கவலை. அந்த நாடுகளில் மேலே கொங்கிரீட் கூரை இருக்கிறது என்றார் அவர். "அப்ப கீழ்க்கூரை என்னத்துக்கு?" என்றாய். மாத்தயா போனைச் சேட்டுப் பையில் போட்டார்.

நான் அப்போது சொன்னேன்: "கிடுகுக்குக் கீழ இருக்கிறதுக்கு உலகம் முழுக்க காசு குடுக்கிறாங்க எண்டா, புத்தளத்து அகதிக் காம்பில நாங்கெல்லாம் ராசாவாத்தான் இருந்திருக்கம், தெரியாமப் போச்சு." மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தபோது எனக்கு எட்டு வயது. பதினெட்டு வருஷம் கிடுகுக் கொட்டில். மாரியில் உம்மா தாச்சி, வாளி, கோப்பை எல்லாவற்றையும் ஒழுக்குக்குக் கீழே வைத்துவிட்டு, எங்களை நடுவில் படுக்க வைப்பா. நீ கேட்டுச் சிரித்த சிரிப்பில் ஏணியிலிருந்து விழப் பார்த்தாய். அன்றைக்குத்தான் நாம் கூட்டாளியானோம்.

கூரை முடிந்ததும் நீ போயிருக்கலாம். கரைவலை இழுக்கிற ஆள், உடப்பில் உனக்கு வேலை இருந்தது. நான்தான் மாத்தயாவிடம் சொல்லி உன்னை நிறுத்தினேன். என் தேவைக்காக.

கட்டாரில் ஹோட்டலில் ஜூஸ் போட்டவன் என்று என்னை எடுத்திருந்தார்கள். அன்னாசி, பெஷன் புரூட், தேசிக்காய் எல்லாம் கைவந்த வேலை. ஆனால் டிகி பாரில் ஜூஸுக்குள் ரம் இறங்க வேண்டும், இரண்டு மூன்று வகை. மாத்தயா ஒரு கொப்பியில் கணக்கு எழுதித் தந்தார். எழுதினபடி கலந்தாலும் பழம் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்காதே. ஒரு நாள் புளிக்கும், ஒரு நாள் சப்பென்று இருக்கும். ருசி பார்த்தால்தான் சரிக்கட்டலாம். எனக்கு ஹராம். கலக்கிக் கொடுப்பதும் ஹராம்தான், அது எனக்குத் தெரியாததல்ல. வீட்டில் ஜூஸ் போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். "ஹலாலான வேலையா மகன்?" என்று உம்மா கேட்டபோது ஓம் என்றேன். என் வாய் சுத்தம் என்று ஒரு பெருமையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். நீ இடப்பக்கம் நின்று கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தாய். என் முகத்தைப் பார்த்தாய், கரண்டியைப் பிடுங்கி வாயில் வைத்தாய்.

"காய்ச்சல் மருந்து மாதிரி இருக்கு. தேசிக்காய் கூடிப்போச்சு" என்றாய்.

அப்படித்தான் தொடங்கியது. நான் கலப்பேன், கரண்டியை இடப்பக்கம் நீட்டுவேன், நீ ருசி சொல்வாய். உன் நாக்கை நான் மெச்சுகிறேன். மீன் குழம்பில் உப்புப் பார்க்கிற நாக்கு, ஒரு நாளும் பிழைவிடவில்லை. "இனிப்புக் குறை." "பழம் பழசு." "இது சரி நானா, இதைக் குடிச்சா வெள்ளைக்காரன் பட்டத்தையும் மறப்பான்." பாருக்கு மேலே நாக்கை நீட்டிக்கொண்டிருந்த மரமூஞ்சியைக் காட்டி, "இவனும் என்ர வேலைக்குத்தான் நிக்கிறான், இடம் குடுத்திராதீங்க" என்பாய். உனக்குக் கெடுதல் வருமே என்று ஒரு தரம் கேட்டேன். மனதாரக் கேட்டேனா தெரியாது, கேட்டேன். "உங்கட வாய் சுத்தமா இருக்கட்டும் நானா. என்ர வாய் கடல் வாய்தானே" என்றாய். அந்தப் பேச்சை வசதியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருஷம் காற்றுக் காலத்தில் ஆட்கள் நிரம்பி வழிந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கரண்டியைக் கழுவி நீட்ட நேரமில்லை. அப்போது ஒரு சின்னக் கிளாஸை எடுத்து உன் பக்கத்தில் வைத்தது நான். கலக்கியதில் கொஞ்சம் அதில் ஊற்றிவிடுவேன், நீ குடித்துவிட்டுத் தலையாட்டுவாய். கழுவுகிற வேலை மிச்சம், கை ஓடும். கரண்டியை எடுத்துவிட்டுக் கிளாஸை வைத்தது நான்தான் தம்பி. யாரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

கிளாஸ் காலியாகாமல் இருந்த நாட்களையும் பார்த்தேன். நான் ஊற்றாமலே அதில் ரம் இருந்ததையும் பார்த்தேன். நீ ருசியைச் சரியாகத்தானே சொல்கிறாய் என்று பேசாமல் இருந்தேன்.

ஆனால் உனக்கு ஒரு வேலி இருந்தது. ஆடியில் உங்கள் திரௌபதை அம்மன் கோயில் திருவிழா. பதினெட்டு நாள் விரதம், மணிக்கட்டில் மஞ்சள் காப்பு, கடைசியில் தீமிதிப்பு. அந்த நாட்களில் வேலைக்கு வருவாய், மரக்கறிச் சோறு கட்டிக்கொண்டு வருவாய், ஆனால் ஒரு துளியும் தொடமாட்டாய். நான் கண் கட்டப்பட்டவன் மாதிரிக் கலப்பேன். மாத்தயா ஏசுவார், வெள்ளைக்காரர் பாதியை வைத்துவிட்டுப் போவார்கள். நீ ஒன்றும் செய்ய முடியாதே என்று கையைப் பிசைவாய். பதினெட்டு நாளில் உன் முகம் தெளிந்து கண் வெளுத்திருக்கும். அதையும் பார்த்தேன்.

மூன்றாம் வருஷம், விரதம் பதினாலாம் நாள். கொழும்பிலிருந்து மாத்தயாவின் பெரிய ஆட்கள் வந்திருந்தார்கள். புதிசாக ஒன்று கலக்கச் சொன்னார், செவ்விளநீரும் தித்திப்பான கித்துள் பாணியும் ரம்மும். இது பிழையாகப் போனால் வேறு ஆள் பார்ப்பேன் என்று எனக்குக் காதோடு சொன்னார். வீட்டில் இளைய மகள் பிறந்து நாற்பது நாள் ஆகவில்லை. கரண்டியைத் தேடி எடுத்து, நிரப்பி, இடப்பக்கம் நீட்டினேன்.

"ஒரு துளி" என்றேன்.

நீ காப்பைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். வாயில் வைத்தாய்.

"பாணி கூடிப்போச்சு. தேசிக்காய் பிழிஞ்சு விடுங்க" என்றாய். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அன்றைக்கு எல்லாரும் புகழ்ந்தார்கள். அடுத்த நாள் உன் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. அந்தக் கரண்டியையும் பாரில் காணவில்லை. தீமிதிப்பன்று நான் உடப்புக்கு வந்தேன், வருஷா வருஷம் வருகிற மாதிரி, வீதிக்கரையில் தள்ளி நின்று பார்க்க. மஞ்சள் உடுத்தவர்கள் வரிசையாகத் தீக்குழியில் இறங்கினார்கள். நீ கயிற்றுக்கு வெளியே, வெள்ளைச் சேட்டும் சாரமுமாக, சனத்தோடு சனமாக நின்றாய். ஏன் இறங்கவில்லை என்று கேட்டவர்களுக்குக் காலில் முள் என்றாயாம். என்னைக் கண்டும் காணாத மாதிரி முகத்தைத் திருப்பினாய். கோபத்தில் திருப்பவில்லை, நான் வெட்கப்படக்கூடாது என்று திருப்பினாய். அது எனக்கு அப்போதே விளங்கியது.

அதற்குப் பிறகு நீ காப்புக் கட்டவே இல்லை. வருஷத்தில் நிறுத்துகிற அந்தப் பதினெட்டு நாளும் போயிற்று. வேலி விழுந்த காணிக்குள் மாடு இறங்குகிற மாதிரி இறங்கியது. இரண்டு வருஷத்தில் கண் மஞ்சள், வயிறு வீக்கம். புத்தளம் ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைக் கட்டிலோரம் கூப்பிட்டுக் கேட்டார், இவர் எவ்வளவு காலமாகக் குடிக்கிறார் என்று. "கடல் தொழில் செய்யிற ஆள் சேர்" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதிலா? கட்டிலில் கிடந்து நீ கேட்டுக்கொண்டிருந்தாய்.

பிறகு வெள்ளைக்காரர் வராத வருஷங்கள் வந்தன. மாத்தயா பாரைப் பூட்டிவிட்டுப் போனார். உன் கூரை இரண்டு மாரியில் உக்கி விழுந்தது, மரமூஞ்சிகளை யாரோ விறகுக்குக் கொண்டுபோனார்கள். நான் புத்தளத்தில் கடை போட்டேன். உம்மாவுக்குச் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. இப்போது ஜூஸ் மட்டும்தான் போடுகிறேன்.

நேற்றுக் கரண்டியை எடுத்துக்கொண்டு உடப்புக்குப் போனேன். உன் மனிசி முற்றத்தில் பாய் விரித்துக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தா. கதிரை எடுத்துப் போட்டா. நான் அதில் இருக்கவில்லை.

"தங்கச்சி, இது ஜூஸ் கரண்டி இல்ல" என்று தொடங்கி, எல்லாம் சொன்னேன். கரண்டி, கிளாஸ், பதினாலாம் நாள், டொக்டர். மனப்பாடம் பண்ணினதை ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னேன். குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் அவவுக்கும் எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவ கருவாட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டா. முடிந்ததும் கையைத் தட்டி எழும்பினா.

"தெரியும் நானா. அவர் ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள எல்லாம் சொன்னவர். உங்கள ஒண்டும் கேக்க வேணாம் எண்டும் சொன்னவர்."

"அப்ப ஏன் அதைக் கொண்டந்து கேட்டீங்க?"

"நீங்களாச் சொல்லுவீங்களோ எண்டு பாக்கத்தான்."

கரண்டியை நீட்டினேன். அவ வாங்கவில்லை. "எனக்கு என்னத்துக்கு? நீங்களே வச்சிருங்க" என்றா. ஏசியிருக்கலாம். மண்ணள்ளித் தூற்றியிருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தா, குடித்தேன், கடைசிப் பஸ்ஸைப் பிடித்தேன்.

இன்று காலை முதல் அன்னாசியை வெட்டி, அந்தக் கரண்டியால் கலக்கினேன். ஒரு கரண்டி எடுத்து, பழக்கத்தில் இடப்பக்கம் நீட்டினேன். அங்கே சுவர்தான் இருந்தது. வாடிக்கைக்காரர் ஒருவர் வாசலில் நின்று, "சீனி போதுமா நானா?" என்று கேட்டார். நீங்கள் குடித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று வாய் வரைக்கும் வந்தது.

"பொறுங்க" என்றேன்.

கையைத் திருப்பி என் வாயில் வைத்தேன். இனிப்பா புளிப்பா என்று பிடிபடவில்லை. அவர் காத்துக்கொண்டு நின்றார். நான் இன்னொரு கரண்டி எடுத்தேன்.