கனடாத் தக்காளி மச்சமா மரக்கறியா

27-2-94 ஞாயிறு
பனி விட்டுவிட்டது. காலையிலேயே வெயில் சுள்ளென்று. வாளிக்கயிறு மாற்ற வேண்டும். சவர்க்காரம் இல்லை.

கனடாத் தக்காளி பழுக்கத் தொடங்கிவிட்டது. மகன் ரவி அங்கிருந்து ஆள்மூலம் கொடுத்தனுப்பிய விதை. அரசாங்கத் தடையால் மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணி இறைக்கிற மெஷின் சும்மா கிடக்க, கமலம் வாளியால் இறைத்தே வளர்த்தாள். புருசன் என்னைவிட அதுகளுக்குத்தான் கவனிப்பு. முதற்பழம் வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயில் அன்னதானத்துக்கு. கமலத்தின் நேர்த்திக்கடன். ரவியின் அகதிக் கேஸ் வெல்ல வேண்டும்.

பின்னேரம் பக்கத்து வீட்டு நடராசா அண்ணை ரேடியோ கேட்க வந்தார். பற்றரி ஏது? சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவில்தான். பெடல் சுற்றியது நான், கேட்டது அவர். தக்காளிக்குள் மீனின் மரபணுவோ ஏதோ சேர்த்து ஆராய்ச்சியாம், குளிருக்குத் தாங்க. மூச்சு வாங்கியதில் எனக்குப் பாதிதான் விளங்கியது.
"எந்த நாடாம் அண்ணை?"
"குளிர் நாடெண்டால் கனடாதானே தம்பி."
வேலிக்கு மேலால் எங்கள் தோட்டத்தை ஒரு பார்வை.

1-3-94 செவ்வாய்
கயிறு இன்னும் இல்லை. சங்கக்கடை வரிசையில் எங்கள் தக்காளிதான் கதை.
"மீன் சேர்ந்தால் மச்சம்தானே? வெள்ளிக்கிழமையிலை எப்பிடித் தின்னுறது?"
"பிள்ளையளுக்குச் செதிள் முளைக்குமாம்."
"பசிக்குது, செதிளோடை எண்டாலும் தாங்கோ."
நானும் சிரித்தேன். பிறகு கமலத்தை நினைக்கச் சிரிப்பு வரவில்லை. ரேடியோவில் சொன்னது வேறு, இது சாதாரண விதை என்று, கதையைப் பரப்பிய ந. அண்ணையிடம் சொன்னேன். "நீர் கண்டனீரோ?" காணவில்லைத்தான்.

3-3-94 வியாழன்
கோயில் மனேச்சர் படலையடியில் நின்றே கதைத்தார். "தங்கச்சி, குறை நினைக்காதை. சனம் சாப்பிடாமல் எழும்பிப் போனால் நல்லாயிராது. பூசணிக்காய் தந்தாலும் காணும்." நல்ல மனிசன், கோபிக்கவும் முடியவில்லை. அவர் போனபின் கமலம் அழுதாள். "என்ரை பிள்ளை தந்ததை மச்சமெண்டுட்டினம்."

கொழும்புத்துறை மேரியக்கா வந்தா. முன்பு எங்களுக்கு மீன் விற்றவ. கடலுக்குப் போகத் தடை, இப்போது எங்களிடம் மரக்கறி வாங்கி விற்கிறா. கதையைக் கேட்டுவிட்டு ஒரு பழத்தைக் கடித்தா. "மீன் இருந்தால் எங்களுக்கு நல்லதெல்லோ. எங்கடை ஆக்கள் வலை போட்டு எவ்வளவு காலம்." கமலமும் சிரித்துவிட்டாள். பாதிக் கடகம் தக்காளி அவவிடம் விலைபோய்விட்டது.

4-3-94 வெள்ளி
ரவி போனதிலிருந்து கமலத்துக்கு வெள்ளி விரதம். மீன், இறைச்சி காய்ச்சுகிற மச்சச் சட்டியே வேறு. காலையில் முழுகி, கோயிலுக்குப் பூசணிக்காய் அனுப்பினாள். மத்தியானம் பார்த்தால், விரதச் சட்டியில் தக்காளிக் குழம்பு.
"மச்சமெண்டு சொல்லினமே," என்றேன், பகிடிக்கு.
"என்ரை பிள்ளையின்ரை கையாலை வந்தது. உங்களுக்குப் போடட்டோ, வேண்டாமோ?"
சாமிப் படத்துக்குப் படைத்தாள். பிறகு தன் இலையில். கண்ணை மூடிக்கொண்டு முதல் வாய்.

வேலிக்கு அப்பால் ந. அண்ணை இருமினார். வாசம் போயிருக்கும். கமலம் ஒரு கிண்ணம் தந்தாள், நீட்டினேன். அவரும் விரதம். யோசித்தார். வாங்கினார். வழித்துத் துடைத்துவிட்டு, "மரக்கறிதான் தம்பி," என்றார்.
குசினிக்குள்ளிருந்து கமலம்: "அதைக் கோயிலிலை போய்ச் சொல்லுங்கோ. செடியிலை இன்னும் பழம் கிடக்கு."