ஒன்பது சுற்றுத் தொலைவில்

2024 நவம்பர் 8, வெள்ளி

காலையில் மின்சாரம் வந்து ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. இட்லி மாவு பாதி அரைத்தபடி நிற்கிறது, மனைவி தமிழரசி என் மேல் கோபமாக இருக்கிறாள். மின்சாரத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க முடியாது.

மதியம் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் க்யிம்யிண்டைங் போனேன். ஜுல்ஃபி ஜும்ஆ தொழுகை முடித்து டீக்கடைக்கு வந்தான். வழக்கம்போல் பென்டிரைவைக் கோப்பைத் தட்டுக்கு அடியில் வைத்துத் தள்ளினான். நான் எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். அதில் அவன் ஆடி முடித்த 411ஆம் சுற்று.

டீயைப் பாதி வைத்துவிட்டான். கேட்டால், "சக்கரெ கொறைக்கச் சொல்லியிருக்காங்கடா" என்கிறான். ஆள் இளைத்திருக்கிறான். நாற்பத்தாறு வயதில் இளைத்தால் நல்லதுதானே. எனக்குத்தான் தொப்பை.

வீட்டுக்கு வந்ததும் அரசி கேட்டாள்: "ரெண்டு கெழவனுங்களும் இன்னும் அந்த நட்சத்திர ஆட்டத்தத்தான் ஆடுறீங்களா?" ஆமாம் என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

மதியம் தெருவே "மீ லாபீ" என்று கத்தியது. மின்சாரம் வந்தால் எங்கள் தாகேதாவில் பெரியவர்களும் கத்துவார்கள். ஓடிப்போய்ப் பழைய கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தேன்.

ஆட்டத்தைப் போட்டு ஸ்கேனரைத் திறந்தால், ஜுல்ஃபியின் கப்பல்கள் நாற்பத்து மூன்று. எல்லாம் த்வாண்டேயை நோக்கி வருகின்றன.

ஆட்டத்தில் எங்கள் நட்சத்திரங்களுக்கு எங்கள் ஊர்ப் பெயர்கள்தான். என் தலைநகரம் தாகேதா, அவனுடையது க்யிம்யிண்டைங், நடுவில் எல்லை த்வாண்டே. அது என்னுடையது. இப்போது ஓடும் ஆட்டம் 2009இல் தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. ஏழு வருடமாகச் சமாதான உடன்படிக்கை. அது இருக்கும்போது நாற்பத்து மூன்று கப்பல் எதற்கு?

டீக்கடையில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தானே.

நவம்பர் 15, வெள்ளி

பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்தேன். கப்பல்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது. எங்களுக்கு இரண்டே சட்டம். டீக்கடையில் ஆட்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது. ஒருவன் சுற்றை மற்றவன் பார்க்கக்கூடாது.

இரண்டாவது சட்டம் நாங்கள் ஆட ஆரம்பித்த 1998இல் வந்தது. அவன் அத்தாவின் கயிற்றுக்கடை மாடியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். கப்பலில் வேலை பார்த்த ஒருவர் கொண்டுவந்த சிடி, மேலே மார்க்கரில் கிறுக்கியிருக்கும். அவன் ஆடும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும், நான் ஆடும்போது அவன். அந்தச் சுவரின் மழைக்கறை எனக்கு இன்னும் மனப்பாடம். மணிலா கயிற்று வாசனையும். முதுகுக்குப் பின்னால் மௌஸ் சத்தம் மட்டும் கேட்கும். எத்தனை முறை சொடுக்குகிறான் என்று எண்ணியே என்ன செய்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவேன். அது சட்டத்தில் இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

ஜுல்ஃபி வரவில்லை. பென்டிரைவை டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். போன் பண்ணினால், "சரக்கு எறங்குதுடா, வேலை" என்றான். வெள்ளிக்கிழமை யாருக்குச் சரக்கு இறங்குகிறது? பொய்.

நவம்பர் 24, ஞாயிறு

அறுபத்தொன்று. த்வாண்டேக்கு இன்னும் ஒரே சுற்று.

பழைய ஆட்டக்காரர்களின் பேஸ்புக் குழுவுக்குள் போய் உட்கார்ந்தேன். அங்கே எப்போதும் யாராவது பழைய அட்டைப்பெட்டியைப் படம் பிடித்துப் போட்டிருப்பார்கள். இன்று ஒருவர், சுற்று முடியும்போது வரும் அந்த டிங்-டிங் என்ற இரண்டு மணிச் சத்தத்தை மட்டும் பதிவு செய்து போட்டிருந்தார். முந்நூறு பேர் கீழே எழுதியிருக்கிறார்கள். இப்போது வரும் ஆட்டங்களில் படம் நன்றாக இருக்கிறது, காத்திருக்க ஒன்றுமில்லை என்று ஒருவர். நீங்கள் யாரோடு ஆடினீர்கள் என்று இன்னொருவர். அண்ணனோடு, விடுதி நண்பனோடு, விவாகரத்தான மனைவியோடு. எல்லாமே ஆடினோம், ஆடினோம். நானும் அவனும் மட்டும்தான் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறோம் என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை. முதுகில் குத்த வருகிறவனைப் பற்றிப் பெருமை என்ன வேண்டிக்கிடக்கிறது.

நவம்பர் 27, புதன்

அடித்துவிட்டேன்.

"உடன்படிக்கை இருக்கிறது, உறுதியா?" என்று ஆட்டம் கேட்டது. உறுதி. த்வாண்டேயில் இருந்த மொத்தப் படையையும் அனுப்பி வழியிலேயே மறித்தேன். அறுபத்தொன்றும் போயின. அவன் பக்கமிருந்து ஒரு குண்டுகூட வரவில்லை. அவ்வளவு அசந்திருக்கிறான்! நான் போட்ட கூச்சலில் அரசி, "மீ வந்துருச்சா?" என்று ஓடி வந்தாள்.

இருபத்தாறு வருடத்தில் இப்படி ஓர் அடி நான் அவனுக்குக் கொடுத்ததில்லை.

நவம்பர் 29, வெள்ளி

வந்தான். டாக்ஸியில். கம்பளிக் குல்லாய் வேறு. நான் பென்டிரைவைத் தள்ளியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியாடா?" என்றான். முதல் சட்டத்தை அவன் மீறியது இதுதான் முதல் தடவை.

கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்து, "பாத்தேன்டா" என்றேன்.

"நல்லாருக்கா?"

"பிரமாதம். போயி நீயும் பாரு."

பரிசு வாங்கின பையன்போலச் சிரித்தான்.

டிசம்பர் 13, வெள்ளி

இன்றும் வரவில்லை. போனை அவன் மச்சான் ஆமிர் எடுத்தான். "மச்சான் ஆஸ்பத்திரியில இருக்காங்கண்ணே. ஈரல். ஆறு மாசமாவே. உங்கள்ட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

ஆறு மாதம்! அரை டீ குடித்தவனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

டிசம்பர் 16, திங்கள்

பார்த்துவிட்டு வந்தேன். கண் மஞ்சள். பேச மூச்சு இல்லை. ஆனாலும், "பென்டிரைவ் வீட்ல இருக்குடா. வீட்டுக்குப் போனதும் ஆடுறேன்" என்றான்.

"அவசரமில்லடா" என்றேன். அவனிடம் நான் அப்படிச் சொன்னதே கிடையாது. சுற்றுக்குத் தாமதமானால் கத்துகிறவன் நான். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், தன் நிலைமை எனக்குத் தெரிந்துவிட்டது என்று.

அவன் அதைத் திறக்கக்கூடாது. திறந்தால் என்ன பார்ப்பான் என்று எனக்குத்தான் தெரியும்.

2025 ஜனவரி 15, புதன்

ஜுல்ஃபி போய்விட்டான். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மூன்று பிடி மண் போட்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

கால் தானாக டீக்கடைக்குப் போய்விட்டது. கடைக்காரர் கேட்காமலே இரண்டு டீ வைத்தார். பிறகு ஞாபகம் வந்து ஒன்றை எடுக்க வந்தார். இருக்கட்டும் என்றேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஜுல்ஃபி வீட்டில் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. சாப்பிட்டு எழுந்தபோது ஆமிர் வந்து, "லாத்தா உங்கள்ட்ட ஒரு வார்த்தை கேக்கணுங்கிறாங்க" என்று உள்ளே கூட்டிப்போனான். ஆமிரின் அக்கா, ஜுல்ஃபியின் மனைவி சாயிமா இத்தா இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் யாரும் அவளைப் பார்க்கக்கூடாது. திரைக்கு இந்தப் பக்கம் நானும் ஆமிரும் உட்கார்ந்தோம். அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும்.

"அண்ணே, அவரு உங்களுக்குச் சாமான் அனுப்பினாரே, வந்து சேந்துச்சா?"

"என்ன சாமான்மா?"

"தெரியலண்ணே. நவம்பர்ல, அந்தக் கம்ப்யூட்டர்ல ஒக்காந்துக்கிட்டே சொன்னாரு. 'என்கிட்ட இருக்கிறதையெல்லாம் கணேசு வீட்டுக்கு அனுப்புறேன். அவன் எடத்துல போயி எறங்குனாத்தான் அவன் பேருக்கு மாத்த முடியும்'னாரு. கடைச் சரக்குன்னு நெனச்சேன். கடையில பாத்தா எல்லாம் அப்படியே இருக்கு. அதான் மனசு கேக்கல. மவுத்தானவரு சொன்ன வாக்கு."

கப்பலை நண்பனுக்குக் கொடுக்க வேண்டுமானால் நண்பனின் நட்சத்திரத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இந்த ஆட்டத்தில் அப்படித்தான். எனக்குத் தெரியும். 1998லிருந்து தெரியும்.

ஒரு குண்டுகூட வரவில்லையே... ஏன் வரவில்லை என்று யோசித்தேனா? எல்லையில் கப்பல் கூடினால் சண்டை. இருபத்தாறு வருடம் ஆடிய மூளைக்கு வேறு எதுவும் தோன்றாது.

"வந்துச்சாண்ணே?"

"வந்துருச்சும்மா. பத்திரமா வந்துருச்சு" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். வெளியே வந்ததும் ஆமிர் பென்டிரைவைக் கொடுத்தான். கடைசி வாரம் வீட்டில் இருந்தபோது ஜுல்ஃபி அரை நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தானாம்.

பாத்துட்டான். பாத்துட்டுத்தான் போயிருக்கான். "போயி நீயும் பாரு"ன்னு சொன்ன வாய் இது. அவன் என் கையப் புடிச்சிக்கிட்டு நல்லாருக்கான்னு கேட்டான், நான் பிரமாதம்னு சொன்னேன். அடப்பாவி, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சட்டமாம் சட்டம்.

மார்ச் 7, வெள்ளி

பென்டிரைவ் அலமாரியில் இருக்கிறது. திறக்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

மதியம் தரை ஆடியது. நீளமாக, படகில் நிற்பது போல. வெளியே ஓடினோம். தெருவில் நின்றபோது பார்க்கிறேன், என் கையில் பென்டிரைவ். அரசியையும் விட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன். மண்டலே பக்கத்துச் செய்திகள் ஒவ்வொன்றாக வருகின்றன. அரசி திட்டவில்லை, அழுகிறாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா விடுமுறை. இந்த வருடம் தெருவில் தண்ணீர்ச் சத்தம் அதிகமில்லை. காலை பத்து மணிக்கு மின்சாரம் வந்தது. திறந்தேன்.

போர் அறிவித்திருப்பான் என்று நினைத்தேன். அறிவித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை. முதலில் வந்த செய்தி, மீண்டும் சமாதானத்துக்கு அழைப்பு. ஏற்கிறாயா என்று கேட்டது. ஏற்றேன். பிறகு ஸ்கேனர்.

ஒரே ஒரு கப்பல். ஆயுதமில்லாதது, மெதுவாக ஊர்வது. க்யிம்யிண்டைங்கிலிருந்து கிளம்பியிருக்கிறது. போய்ச் சேருமிடம் த்வாண்டே. ஒன்பது சுற்று.

ஒன்பது சுற்று என்றால் எங்கள் வேகத்தில் நாலு மாதம். அவனுக்கு அப்போது ஒரு வாரம்கூட இல்லை. தெரிந்துதான் அனுப்பியிருக்கிறான்.

அரசி சமையலறையிலிருந்து வந்து என்னைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

என் சுற்றை முடித்துவிட்டேன். அந்தக் கப்பல் வந்து சேர வேண்டுமென்றால் அவன் நாற்காலியில் யாராவது உட்கார்ந்து ஒன்பது தடவை சுற்றை முடிக்க வேண்டும். நானே செய்யலாம். செய்ய மாட்டேன். அவன் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கலாம். ஒப்படைத்தால் அது முதல் வேலையாக ஆயுதமில்லாத கப்பலைத் திருப்பி அழைத்து உடைத்துவிடும். பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். குழுவில் பினாங்குக்காரர் ஒருவரிடம் சொன்னேன். ஃபைலை அனுப்புங்கள், நான் ஆடுகிறேன் என்றார். நல்ல மனுஷன். ஆனால் ஜுல்ஃபி யாரென்று அவருக்குத் தெரியாதே.

மே 30, வெள்ளி

சாயிமாவின் இத்தா போன வாரம் முடிந்தது. ஆமிரோடு வீட்டுக்கு வந்தாள். அரசியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கேட்டாள்: "அந்தச் சாமான ஒரு தடவ பாக்கலாமாண்ணே? அவரு அப்படி என்ன அனுப்பினாருன்னு."

இதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை. கப்பல், ஆட்டம், எல்லை, எல்லாவற்றையும் சொன்னேன். "வரலம்மா. வர்ற வழியிலயே நான்தான் சுட்டுட்டேன். சண்டைக்கு வர்றான்னு நெனச்சிட்டேன்."



"அப்ப அன்னிக்கு அவரு சிரிச்சது அதுக்குத்தானா?" என்றாள். "கம்ப்யூட்டரப் பாத்துட்டு அப்படி ஒரு சிரிப்புண்ணே. இருமல் வந்து நானும் ஆமிரும் நெஞ்சத் தடவுற வரைக்கும். 'பைத்தியக்காரன், ஆட்டத்த மறக்கலடி'ன்னாரு. யாருன்னு நான் கேக்கல. அவரு கடைசியாச் சிரிச்சது அன்னிக்குத்தான்."

நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ஒரு மணிக்கு மின்சாரம் வந்தது. சாயிமாவும் ஆமிரும் வந்தார்கள். போன வாரம் போனில் கேட்டபோதே அவள் சம்மதித்துவிட்டாள். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, "இது உன் வீட்டுக்காரரு பக்கம். நான் பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். அரசி சிரிக்கவில்லை.

ரொம்ப நேரம் மௌஸ் சத்தம் வரவில்லை.

"அண்ணே, க்யிம்யிண்டைங்னு போட்டிருக்கு."

"ம்."

"இன்னொண்ணுக்கு என் பேரு வச்சிருக்காருண்ணே. சின்னதா, நீலமா இருக்கு."

எனக்குத் தெரியாது. பதினாறு வருடம் ஆடியும் தெரியாது.

"நான் எதையாச்சும் கெடுத்துருவேனோன்னு பயமா இருக்கு. எத அமுக்கணும்?"

"கீழ வலது பக்கம் ஒரே ஒரு பட்டன் இருக்கும். அது போதும்மா. மத்ததெல்லாம் அவன் செஞ்சு வச்சிட்டுத்தான் போயிருக்கான்."

முதுகுக்குப் பின்னால் ஒரு சொடுக்கு. பிறகு அந்த இரண்டு மணிச் சத்தம்.

நான் திரும்பினேன். என் சுற்று. அன்று மறித்த இடத்திலேயே நின்ற என் படையையெல்லாம் கிளப்பி வழியைக் காலி செய்தேன். ஸ்கேனரைப் பார்த்தேன். இன்னும் எட்டு.