எந்த இடத்தில் கைதட்டுவது

அன்புள்ள வாண்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, கடையில் ரிப்பேருக்கு வந்து கிடக்கும் ஃப்ரிட்ஜுகள் எல்லாரும் நலம். ஃப்ரிட்ஜுகளில் இரண்டு தேறாது, மற்றபடி குறையொன்றும் இல்லை. அங்கே நீயும் உன் சாக்ஸபோனும் சளி, இருமல் இல்லாமல் சௌக்கியமாக இருக்கிறீர்களா? கச்சேரி முடிந்த களைப்பில் வெறும் வயிற்றோடு படுக்காதே. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு நீ காணாமல் போய்விடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் ஒழுங்காக உட்கார்ந்து முழுசாகப் படி.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் உங்கள் ஜாஸ் குழு பக்கத்து ஊர் அரங்கத்தில் வாசிக்க வருகிறது என்று சொன்னாய். சொன்ன வாயோடு, "மறுநாள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போறேன், கச்சேரிக்கெல்லாம் நீங்க வர வேண்டாம்மா, உங்களுக்குப் புரியாது, அப்பா தூங்கிடுவார்" என்றும் சொன்னாய். நானும் சரி சரி என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக ஊர் ஊராகப் போய் ஊதுகிறாய், ஒரு தடவைகூட உன்னை மேடையில் நாங்கள் பார்த்ததில்லை. இப்போது கூப்பிடு தூரத்தில் வந்து நிற்கப்போகிறாய், அதையும் பார்க்காமல் மறுநாள் உனக்குச் சோறு போட்டு அனுப்ப நாங்கள் என்ன மெஸ்ஸா நடத்துகிறோம்? உங்கப்பாவிடம் சொன்னேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "புரியலைன்னா புரிஞ்சுக்குவோம், ஃப்ரிட்ஜ் மட்டும் பொறக்கும்போதே புரிஞ்சுதா" என்று கேட்டார். அந்த வாயிலிருந்து உருப்படியாக ஒரு வார்த்தை வருவது அபூர்வம், அதனால் அப்படியே பிடித்துக்கொண்டேன். உன் கச்சேரிக்குள் ஜாஸைக் கற்றுக்கொண்டுவிடுவது என்று தீர்மானம் ஆனது.

நம் தெருக்கோடியில் மரச்சாமான் கடை இருக்கிறதே, அதன் மாடியில் ஞாயிறு சாயங்காலம்தோறும் ஜாஸ் கச்சேரி நடக்கிறதாம். இவ்வளவு காலம் அந்த வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கிறோம், மேலே ஏறிப் பார்த்ததில்லை. விலைபோகாத சோஃபாக்களை வரிசையாகப் போட்டு அதில்தான் ஆட்களை உட்காரவைக்கிறார்கள், பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை, அசைந்தால் சரசரவென்கிறது. ஒரு ஓரத்தில் குளிர்பானம் விற்கும் கவுன்டர், அதற்குப் பின்னால் ஒரு கிழட்டு ஃப்ரிட்ஜ். உங்கப்பா உள்ளே நுழைந்ததும் மேடையைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தார். முதல் பாட்டில் பியானோக்காரர் கொஞ்ச நேரம் தனியாக வாசித்தார், எல்லாரும் கைதட்டினார்கள். பாட்டு முடிந்துவிட்டது என்று உங்கப்பா குடையை எடுத்துக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களின் முழங்காலையெல்லாம் இடித்துக்கொண்டு, கதவு வரைக்கும் போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் கச்சேரி ஜாம்ஜாம் என்று நடக்கிறது. அசடு வழிய வந்து உட்கார்ந்தார். அடுத்து டிரம்பெட்காரர் முறை, மறுபடி கைதட்டல், மறுபடி குடை. பக்கத்து சோஃபாக்காரர் எதற்கு வம்பு என்று காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். அப்புறம்தான் தெரிந்தது, ஒவ்வொருவரும் தன் பங்கை வாசித்து முடித்ததும் பாட்டின் நடுவிலேயே தட்ட வேண்டுமாம். வேலை பாதியில் இருக்கும்போதே பாராட்டு வாங்கும் தொழில் இது ஒன்றுதான். ஃப்ரிட்ஜைப் பிரித்துப் போட்டுவிட்டு நாங்கள் நிமிர்ந்து பார்த்தால் யாராவது கைதட்டுகிறார்களா?

அடுத்த ஞாயிறு ஒரு பெண் பாட வந்தாள். கணீரென்ற குரல். பாதி வரைக்கும் நன்றாகத்தான் போனது, அப்புறம் பாவம் வார்த்தை மறந்துவிட்டது, டூபி டாபி டிபுடிபு என்று வாய்க்கு வந்ததைப் போட்டுச் சமாளிக்கிறாள். பெற்றவள் எங்கேயாவது உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன பாடுபடுவாள் என்று நினைத்து, தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் நீட்டிவிட்டேன். வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள், பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள், முன்னைவிட வேகமாக டிபுடிபு என்றாள். வேண்டுமென்றேதான் அப்படிப் பாடுவார்களாம். நீ முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். அன்றைக்கே டிரம்பெட்காரர் பையிலிருந்து ஒரு சாமானை எடுத்தார். கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டால் வைத்து அழுத்துவோமே, அந்த ரப்பர் கிண்ணம், அதேதான். அதை டிரம்பெட்டின் வாயில் வைத்து மூடி மூடித் திறந்தார், மூக்கடைத்தவர் யாரோ சம்பந்தியைத் திட்டுகிற மாதிரி அது பேசியது. உங்கப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மறுநாள் கடையில் கிடந்த ரப்பர் கிண்ணத்தை வாயில் வைத்து அவரும் ஊதிப் பார்த்தார். கழுவினாரா என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. டிரம்ஸ்காரர் ஒரு பாட்டு முழுக்கக் குச்சியை வைத்துவிட்டுச் சின்னத் துடைப்பம் மாதிரி ஒன்றால் டிரம்மைப் பெருக்கிக்கொண்டே இருந்தார். ஆம்பளை பெருக்கினாலும் கை சுளுக்கிக்கொள்ளாது, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உங்கப்பாவிடம் காட்டினேன். அப்போது மட்டும் மேடையைப் பார்க்காமல் ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

அதற்கும் அடுத்த ஞாயிறுதான் விவகாரம். அந்தக் குழுவில் பேஸ் வாசிக்கிற பெண் ஒருத்தி, ஆளைவிட உயரமான வயலின் மாதிரி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபடி விரலால் சுண்டி வாசிப்பாள். அன்றைக்கு மற்ற எல்லாரும் நிறுத்திவிட்டார்கள், விளக்கையும் மங்கலாக்கிவிட்டார்கள், அவள் புதிதாக ஒரு வில்லை எடுத்துப் பட்டும் படாமலும் இழுத்திருக்கிறாள். முன்னால் உட்கார்ந்தவன் தலை மறைத்ததால் அது எங்களுக்குத் தெரியவில்லை. கேட்டதெல்லாம் அடிவயிற்றிலிருந்து ஊம்ம்ம் என்று ஒரு இரைச்சல். நானும் உங்கப்பாவும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒன்றாகத் தொழில் பண்ணுகிறவர்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை, கம்ப்ரசர் போகப்போகிறது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் வாசிக்கப்போகிற நேரத்திலா இந்தச் சனியன் கத்த வேண்டும் என்று உங்கப்பா குனிந்து குனிந்து போய் ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார். சத்தம் நிற்கவில்லை. தப்பான பிளக் போல என்று பக்கத்தில் இருந்ததைப் பிடுங்கினார். மேடை விளக்கு அணைந்தது, மைக் செத்தது, ஊம்ம்ம் மட்டும் அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அது அவள். மைக் இல்லாமல், இருட்டில், அந்தச் சத்தம் தரை வழியாக வந்து சோஃபா ஸ்பிரிங்கில் ஏறி என் முதுகுத்தண்டில் நின்றது. ஒருத்தர்கூட இருமவில்லை. பிளாஸ்டிக் உறைகூடச் சரசரக்கவில்லை. அவள் முடித்ததும் ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள், விளக்கு அணைந்ததுகூட ஏற்பாடுதான் என்று நினைத்துக்கொண்டு. இந்தச் சங்கீதத்தில் அது ஒரு சௌகரியம், தப்பு நடந்தால் யாருக்கும் தெரிவதில்லை. இடைவேளையில் உங்கப்பா பேயறைந்த முகத்தோடு அவளிடம் போய் உண்மையைச் சொன்னார். விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னை என்னென்னமோ சொல்லியிருக்காங்க, ஃப்ரிட்ஜுன்னு யாரும் சொன்னதில்ல" என்றாள். எங்கள் பெண்ணும் இந்தத் தொழில்தான், அவள் கச்சேரிக்குள் எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொன்னேன். "கத்துக்க என்ன இருக்கு, வாங்க, கேளுங்க, பிளக்கை மட்டும் தொடாதீங்க" என்றாள்.

போன ஞாயிறு சாக்ஸபோன். ஒல்லியான ஆள், இஸ்திரி போடாத சட்டை. முதல் பாட்டில் எனக்கு ஒரு எழவும் புரியவில்லை, எதையோ எங்கேயோ வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிற மாதிரி மேலும் கீழும் ஓடினார். உங்கப்பா கண்ணை மூடியிருந்தார், கேட்டால் ரசிக்கிறேன் என்றார், குறட்டை வராததால் நம்பினேன். அப்புறம் மெதுவாக ஒன்று எடுத்தார். நாங்கள் அன்றைக்கு முதல் சோஃபாவில் இருந்தோம். ஒவ்வொரு தடவை ஊதுவதற்கு முன்னாலும் அவர் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. வாண்டு, உனக்குச் சின்ன வயதில் இழுப்பு வந்து படுத்திருப்பாயே, ஒவ்வொரு மூச்சும் உள்ளே போகிறதா என்று உன் முதுகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பேன். நெஞ்சுக்கு நல்லது என்று டாக்டர் பலூன் ஊதச் சொன்னார், பலூன் போய் ஊதல் வந்தது, ஊதல் போய் இந்தச் சாமான் வந்தது. அந்த ஆள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் நானும் கூடவே இழுத்திருக்கிறேன், உங்கப்பா முழங்கையால் இடித்த பிறகுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தட்டவே இல்லை. உங்கப்பா என் பங்குக்கும் சேர்த்துத் தட்டினார், தப்பான இடத்தில்.

ஆகையால் உன் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியாகிவிட்டது. முதல் வரிசை. "கடைசியில உட்காரலாம், நம்மளைப் பார்த்தா கூச்சப்படுவா" என்றார் உங்கப்பா. கூச்சப்பட்டால் படட்டும், எங்களை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் கூச்சப்படாமலா வளர்ந்தாய்? வர வேண்டாம் என்று நீ எழுதினாலும் அது வந்து சேர்வதற்குள் ரயில் ஏறியிருப்போம், போனில் சொன்னால் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு நானும் காணாமல் போய்விடுவேன். நீ சொன்னது வாஸ்தவம்தான், நீ வாசிப்பது எனக்குப் புரியாமல் போகலாம். ஆனால் நீ மூச்சு இழுப்பது அந்த அரங்கத்தில் என்னைவிட யாருக்கும் புரியாது. நான் அதைக் கேட்கத்தான் வருகிறேன், மற்றதை மற்றவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

மூச்சு முட்டாமல், உதடு காயாமல், நீ ஆயுசு முழுக்க ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே போகும்போது கழுத்தைச் சுற்றிக்கொள். மேடை ஏறுவதற்கு முன்னால் மூச்சு மருந்தை மறக்காமல் பையில் வை.

இப்படிக்கு,
முதல் வரிசையிலிருந்து உன்னை முறைத்துப் பார்க்கப்போகும்
அம்மா

பி.கு.: இது அப்பா. தட்ட வேண்டிய இடம் வந்தால் லேசாகப் புருவத்தைத் தூக்கு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். பிளக் விஷயத்தில் நீ பயப்படவே வேண்டாம், கச்சேரி முடிகிற வரைக்கும் என் இரண்டு கையையும் உங்கம்மா பிடித்துக்கொள்ளப்போகிறாளாம். அப்புறம் எப்படித் தட்டுவது என்று கேட்டால் முறைக்கிறாள்.