நான் மாற்றிக் கலைத்த கட்டு

இன்று மில்லிக்கனில், முதியோர் கூடும் மண்டபத்தில், யாரோ சீட்டாடப் புதுக் கடதாசிக் கட்டொன்றைப் பிரித்தார்கள். அந்த மெழுகு வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மச்சான், உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து ஒரு கிழமைதான் ஆகிறது.

எண்பத்தாறில், அகதிகளாக வந்த புதிதில், ரெக்ஸ்டேலில் ஒரே பேஸ்மென்டில் இருந்தோம். கிழமை நாட்களில் இருவருக்கும் தொழிற்சாலை. சனி பிற்பகல்களில் எனக்கு இன்னொரு வேலை. தர்ம காரியங்களுக்கு நிதி சேர்க்க ஹோட்டல் மண்டபங்களில் நடத்தும் கசினோவில், பிளாக்ஜாக் சூதாட்ட மேசையில் கடதாசி பகிரும் டீலர். மேசையிலிருந்த ஆறு கடதாசிக் கட்டுகளையும் கலைப்பதற்கு ஒரு முறை இருந்தது. இரண்டு குவியலாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவில் ஒரு பிடி எடுத்து, இரண்டு தரம் ஒன்றுக்குள் ஒன்று செருக வேண்டும். மற்ற டீலர்கள் அலுப்பில் கூட்டிக் குறைத்துச் செய்வார்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் மட்டும் இம்மியும் பிசகுவதில்லை.

அதைக் கண்டுபிடித்தவன் நீ. நாலு சனிக்கிழமை பார்வையாளர்களோடு நின்று பார்த்தாய். ஆடுபவனுக்கு வெற்றி தரும் பெரிய கடதாசிகள் திரண்டு கிடக்கும் பகுதி, நான் கலைத்த பிறகு எங்கே வந்து நிற்கும் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது உன் மனைவியும் நாலு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்தார்கள். பொலிஸ் இரண்டு தரம் வந்து போயிருந்தது. மிச்சக் காசு வராமல் விமானம் ஏற்ற மாட்டேன் என்று வெளிநாட்டுக்கு ஆளனுப்பும் ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான்.

"நீ ஒண்டும் செய்ய வேண்டாம் மச்சான். எப்பவும் கலைக்கிற மாதிரிக் கலை. அது போதும்" என்றாய். நான் தலையாட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை, சேர்த்த காசோடு என் மேசையில் இருந்து, முதலில் நீ வென்றுகொண்டே போனாய். பிறகு மேற்பார்வையாளர் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். என் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. சந்தேகப்பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். பிடிகளின் அளவை மாற்றினேன். ஒன்று சற்றுப் பெரிது, அடுத்தது சற்றுச் சிறிது. உன் கண்ணுக்கு அது தெரியவில்லை. பெரியவை வரும் என்று நீ நம்பிய இடத்தில் மேசையின் எல்லாப் பந்தயப் பெட்டிகளிலும் காசு வைத்தாய். இரண்டும் மூன்றும் நாலுமாக வந்தன. திரும்பத் திரும்ப வைத்தாய். பொழுது சாய்வதற்குள் உன் கை வெறுமையாகிவிட்டது.

பஸ் தரிப்பில் கேட்டாய்: "கலைச்சதிலை ஏதும் மாறினதோ?"

"இல்லை. எப்பவும் போலத்தான்."

"அப்ப என்ரை கணக்குத்தான் பிழை" என்றாய்.

உன் மனைவியும் மகளும் காசு வராமல் ஊருக்கே திரும்பிப் போனார்கள். மூன்று வருடம் கழித்துத்தான் வந்துசேர்ந்தார்கள். விமான நிலையத்தில் உன் மகள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு உன்னை அங்கிள் என்று கூப்பிட்டாள். நீ சிரித்தாய். காரில் ஏறிய பிறகு அழுதாய். நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

உன் செத்தவீட்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தன்ரை பிழையாலைதான் நாங்கள் பிந்தி வந்தனாங்கள் எண்டு அப்பா கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர், அங்கிள்" என்றாள். பிழை அப்பாவுடையதல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். "ஓம் பிள்ளை" என்றுதான் வந்தது.

உன் பெயரில் நீ கொண்டுபோன அந்தப் பிழை என்னுடையது. உண்மையை வாங்கிக்கொள்ள நீ இல்லை. அவளிடம் கொடுக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.