தாமதமாகத் திறந்த கதவு

நேற்று பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு இரும்புக் கதவுக்கு ஆள் வந்து வெள்ளிப் பெயிண்ட் அடித்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நம் விண்கலம் நினைவுக்கு வந்துவிட்டது. பிளைவுட்டில் நீ செய்து வெள்ளி பூசியது; காய்வதற்குள் நான் சாய்ந்து சட்டையைப் பாழாக்கிக்கொண்ட அதே விண்கலம்.

தொலைக்காட்சித் தொடரில் அது வாராவாரம் பறந்தது. கதை வசனம் நான், தச்சு வேலை நீ. 'கதவு தானாகத் திறக்கிறது' என்று நான் சுலபமாக எழுதிவிட்டேன். நீதான் கிள்ளானில் தூண்டில் நரம்பு வாங்கி வந்து, பலகைக்குப் பின்னால் குந்தியபடி கதவைக் கையால் இழுத்தாய். விண்கலத்தின் கேப்டனாக நடிப்பவர் வந்து நின்று ஒரு மூச்சு விட்ட பிறகுதான் அது திறக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் எல்லார் முன்னாலும் கத்தினேன்: "உள்ள தூங்குறியாடா?"

வியர்வையைத் துடைத்தபடி தலையை நீட்டினாய். "உள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியாதுல்ல? கொஞ்சம் நின்னுட்டுப் போகட்டும் லா."

கேப்டன் அப்படி நிற்பது ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. பிள்ளைகள் வகுப்பறை வாசலில் நின்று, மூச்சு விட்டு, பிறகு நுழைந்தார்கள். ஒரு பேட்டியில் அதைப் பற்றிக் கேட்டபோது, "யோசித்துத்தான் எழுதினேன்" என்று கூசாமல் சொன்னேன். நீ அதைப் படித்தாய். அடுத்த வாரமும் வந்து நரம்பை இழுத்தாய்.

இப்போது அந்தத் தொடரைச் சினிமாவாக எடுக்கிறார்கள். போன மாதம் பங்சார் அலுவலகத்தில் இயக்குநர், சின்ன வயதுப் பெண், தயங்கியபடி கேட்டார்: "சார், இப்ப கதவெல்லாம் கிராபிக்ஸ். டக்குன்னு திறந்துடும். கேப்டன் நிக்கிறத கட் பண்ணிடலாமா? நீங்க எழுதினது, அதான் கேக்குறேன்."

சரி என்றிருந்தால் என் பொய் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். அதோடு நீயும் போயிருப்பாய்.

"அது நான் எழுதினது இல்லம்மா" என்றேன். நரம்பைப் பற்றிச் சொன்னேன், நீ சொன்னதையும் சொன்னேன். அவர் பேனாவை எடுத்தார். பிறகு, "அவர் பேரு என்ன சார்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். படத்திலும் கேப்டன் நிற்பார். பெயர்ப் பட்டியலில் நீயும் வருவாய். நீ உயிரோடு இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டேன். மன்னித்துவிடு.

பெயிண்ட்காரர் போனபின் சாமான் வாங்கக் கிளம்பினேன். கடையின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. நான் நின்றுவிட்டேன்.

பின்னால் வந்த பெண் சொன்னாள்: "அங்கிள், திறந்துருச்சு, போங்க லா."

"போறேம்மா" என்றேன். ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் போனேன்.