அண்ணன் தலை சாய்த்த சுவர்

ஜனவரி 12, திங்கள்.

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும் மகா யுத்தத்தில் இன்று நானே சேனாதிபதி. எட்டுப் பேர் புழங்கும் வீடு. வைத்திக்குப்பத்துக் கடற்கரை மணலில் பாதி, பிள்ளைகள் காலோடு வந்து எங்கள் கூடத்தில்தான் கிடக்கிறது. அடித்த ஒட்டடையில் ஒரு கப்பலுக்கே பாய் தைக்கலாம்.

நாளைக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறான். "தம்பி, சோபாவுக்குப் பின்னாடி சுவத்துல எண்ணெய்க் கறை இருக்கு, தேய்ச்சுடுங்க" என்றார் அண்ணி.

சோபாவை நகர்த்தினால், அண்ணன் தலை! முப்பது வருஷம் சாய்ந்து உட்கார்ந்த இடத்தில் தேங்காய் எண்ணெயால் ஒரு முழு நிலா. அவர் போய் மூணு வருஷமாச்சு. நான் புளுகப் புளுக, "உடுறா, உடுறா" என்று தலை குலுங்கச் சிரிப்பார். கறை இவ்வளவு பெரிதானதற்கு நான்தான் காரணம்.

வாளியைத் தொடாமலே போய், "ஆசிட் ஊத்தியும் போகலை அண்ணி" என்று அளந்தேன். என் சட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

அண்ணி சட்டையைப் பார்த்தார். "போகாது தம்பி. மூணு பொங்கலா நானும் இப்படித்தான் தேய்க்கிறேன். உங்களாலயாவது ஆகும்னு பார்த்தேன்."

இருவருமாக சோபாவைப் பழைய இடத்துக்கே தள்ளினோம். வெள்ளையடிக்க வருகிறவனுக்கு நாளை இதைவிடப் பெரிய புளுகு வேண்டும். ஒன்று தோன்றுகிறது. அண்ணன் கேட்டிருந்தால் சுவரில் அந்த நிலா இன்னும் ஒரு சுற்று பெருத்திருக்கும்.