இடிச்செவியன் பிறந்த கதை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபத்தில் இருக்கிறேன், அதனால் நன்றாகவே இருக்கிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நீ ஊரைவிட்டுப் போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதமே சண்டைக் கடிதமாகப் போய்விட்டது.

செய்தி உனக்கு எட்டியிருக்கும். என் காமிக்ஸ் கம்பெனியும் உன் பழைய கம்பெனியும் கைகோத்துக்கொண்டன. ஒருவர் வருகிறார் என்றால் மற்றவர் அந்தப் புத்தகக் கண்காட்சிப் பக்கமே தலைவைத்துப் படுக்காத இரண்டு முதலாளிகளும், விற்பனை படுத்ததும் உடன்பிறப்பு ஆகிவிட்டார்கள். இனி இந்தப் பக்கத்து நாயகர் ஒருவரையும் அந்தப் பக்கத்து நாயகர் ஒருவரையும் பிசைந்து ஒரே ஆளாக்கி காமிக்ஸ் போடுவார்களாம். முதல் பலி, நான் உருவாக்கிய செவியாளும் நீ உருவாக்கிய இடியனும்.

பெயர் இடிச்செவியன். சிரிக்காதே. என் செவியாள் எட்டுத் தெரு தள்ளி யாராவது முனகினாலும் கேட்டு ஓடுகிறவள். சத்தம்தான் அவளுக்கு எமன். உன் இடியன் வாயைத் திறந்தால் சுவர் விழும். கூட்டத்தில் கேட்டேன்: "இவன் ஒரு தடவை கத்தினா இவன் காதே போயிடாதா?" உன் பழைய முதலாளி, அதுதான் நம் மீசை, சொன்னார்: "சின்னப் பசங்க அதெல்லாம் யோசிக்க மாட்டாங்கம்மா." தன் புத்தகத்தைப் படிக்கிற பிள்ளைகள்மீது அவருக்கு இருக்கும் மரியாதை அவ்வளவுதான். "சரி, அந்தப் பொண்ணு எங்க போனா?" என்றேன். "அதான் காது இருக்கே" என்றார் என் முதலாளி. அவளிடமிருந்து காதை மட்டும் அறுத்து உன்னவன் மண்டையில் ஒட்டிவிட்டு, பேச்சைப் பார்!

பிறகுதான் தெரிந்தது, நீ சம்மதம் சொல்லிவிட்டாயாம். போனில், ஒரே நிமிஷத்தில். "தம்பியே ஒத்துக்கிட்டார், உங்களுக்கு என்ன?" என்று என் வாயை அடைத்தார்கள். நான் எட்டிப் பார்த்துவிடுவேன் என்று பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு இடியனை வரைந்தவன் நீ. அவர்களையாவது வியாபாரிகள் என்று தள்ளிவிடலாம். உன்னை என்னவென்று சொல்வது?

முதல் இதழை நான்தான் வரைந்தேன். வேறு கைக்குப் போனால் இன்னும் கேவலமாகும் என்றுதான். புத்தகம் முழுக்க இடிச்செவியன் வாயே திறக்கவில்லை. இடிந்த கட்டடத்துக்கு அடியில் ஒரு குழந்தை மூச்சுவிடுவதைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு கல்லாகப் புரட்டுகிறான். கத்தினால் மிச்சமும் சரியும் என்று அவனுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் அந்த முகம் நான் போடுகிற முகம் இல்லை, நீ போடுவது. என் கைக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை. அன்றைக்கு அதற்குமேல் ஒரு கோடும் இழுக்க முடியவில்லை.

அச்சாகி வந்ததைப் பிரித்தால், கடைசிப் பக்கத்தை மாற்றியிருக்கிறார்கள். வாயைப் பிளந்து கத்துகிறான், வானம் கிழிகிறது. குழந்தையைக் காணோம். என்ன ஆனது என்று ஒருவருக்கும் கவலையில்லை. புத்தகத்தை முதலாளி மேஜையில் போட்டு, "இதுல என் பேர் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நன்றாக விற்கிறதாம். அதுதான் இருப்பதிலேயே பெரிய அவமானம்.

தொடராக்கப் போகிறார்கள். அதற்கு நம் இருவர் கையெழுத்தும் வேண்டுமாம். நான் மாட்டேன் என்றுவிட்டேன். உனக்கும் ஒப்பந்தக் காகிதம் வந்திருக்கும்.

கையெழுத்துப் போடாதே. ஒருமுறையாவது என் பக்கம் நில். இல்லை, போட்டே தீருவேன் என்றால், தபாலில் மட்டும் அனுப்பிவிடாதே. நேரில் வா. அந்தக் குழந்தையை வெளியே கொண்டுவருகிற பக்கத்தை என்னோடு உட்கார்ந்து வரை. வரைந்து முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. நானும் போடுகிறேன்.

எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன் அக்கா